தமிழ் என்று எழுதிய கோப்பு

என்னிடம் ஒரு எக்செல் ஷீட் இருக்கிறது. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் இருக்கின்றன. எல்லாமே ஒரே ஒரு ஆளிடம் கேட்க வேண்டியவை. அவர் ஹங்கேரியில் ஒரு சிற்றூரில் இருக்கும் எழுத்தாளர். அவருடைய நாவலைத்தான் நான் ஆறு வருடமாகத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்தேன். வரிசை எண், பக்கம், சந்தேகம், பதில், நிலை என்று தலைப்பு போட்டு, கட்டம் கட்டமாக அழகாக வைத்திருக்கிறேன். 'நிலை' என்பதற்குக் கீழே ஒன்றிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு வரை 'ஓப்பன்' என்றே, அதாவது இன்னும் முடியவில்லை என்றே இருக்கும். அந்த அழகைப் பார்த்து நான் பெருமைப்பட்ட நாட்களும் உண்டு. இப்போது நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

எனக்கு ஹங்கேரிய மொழி தெரியும் என்று சொன்னால் நெமிலிச்சேரியில் யாரும் நம்புவதில்லை. எங்கள் அடுக்ககத்துச் செயலாளர் அது ஆஸ்திரேலியா பக்கமா என்று கேட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் உண்டு. அவர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஏதாவது மக்கர் செய்தால் புகார் எங்களுக்கு வரும். அதற்காகப் பல வருடங்களுக்கு முன்னால் என்னைப் புடாபெஸ்டுக்கு அனுப்பினார்கள். மொழி தெரியுமா என்று கேட்கவில்லை, பாஸ்போர்ட் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். இரண்டு வருடம் இருந்தேன். குளிருக்குப் பயந்து ஹங்கேரிய மொழி மாலை வகுப்பு ஒன்றில் போய் உட்கார்ந்தேன். அங்கே ஹீட்டர் நன்றாக வேலை செய்யும்.

அந்த மொழி என்னை ஏமாற்றவில்லை. கூட உட்கார்ந்திருந்த ஜெர்மன்காரரும் பிரெஞ்சுக்காரரும் தலையில் அடித்துக்கொண்டபோது எனக்கு மட்டும் ஏதோ சித்தப்பா வீட்டுக்குள் நுழைந்தது போலிருந்தது. வீடு என்பதோடு உருபை ஒட்டி 'வீட்டிலிருந்து' என்று ஒரே சொல்லாக்கிவிடுவார்கள், நம்மைப் போலவே. குடும்பப் பெயரை முன்னால் போட்டுச் சொந்தப் பெயரைப் பின்னால் சொல்வார்கள், நம் இனிஷியல் மாதிரி. மற்றபடி ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. ஆனாலும் மனசு ஒட்டிக்கொண்டது.

ஊர் திரும்பும்போது பெட்டியில் அந்த நாவல் இருந்தது. ஹங்கேரிய இலக்கியம் என்றால் நம் ஆட்களுக்குத் தெரிந்தது கொஞ்சம். முற்றுப்புள்ளி இல்லாத வாக்கியமும் ஓயாத மழையும் நம்பிக்கையில்லாத மனிதர்களும்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அதுவும் ஆங்கிலம் வழியாக, பழைய சோற்றைச் சூடு பண்ணிச் சாப்பிடுவது போல. இந்த நாவல் அப்படி இல்லை. ஒரு தொழிற்சாலை ஊர், அதன் குடியிருப்பு, ஷிப்ட் சங்கு. தொழிற்சாலையை மூடிய பிறகும் அதே நேரத்துக்கு எழுந்து, அதே நேரத்துக்குச் சாப்பிடும் ஒரு குடும்பம். நான் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவன். சங்கு ஊதினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பிலிருந்து இட்லி இறங்கும். முதல் அத்தியாயத்தைப் படித்ததும், இதைத் தமிழில் என்னைத் தவிர வேறு எவன் செய்வான் என்று தோன்றியது. அது கர்வம்தான், மறுக்கவில்லை.

அந்த நாவலில் ஒரு தாய் வருகிறாள். மூத்த மகன் ஒரு நாள் வீட்டை விட்டுப் போகிறான். போனான் என்று மட்டும்தான் புத்தகம் சொல்கிறது. செத்தானா, எல்லை தாண்டினானா, ஒரு வார்த்தை கிடையாது. தாய் தினமும் மதியம் அவனுக்கும் ஒரு தட்டில் சோறு போட்டு வைக்கிறாள். நாவல் முழுக்க அந்தத் தட்டு வந்துகொண்டே இருக்கும். தமிழில் இதை எப்படி எழுதுவது? உயிரோடு இருப்பவனுக்கு எடுத்து வைப்போம், செத்தவனுக்குப் படைப்போம். இரண்டுக்கும் அம்மா முகம் வேறு, கை வேறு. அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் என்னால் அந்தத் தட்டைக் கீழே வைக்க முடியவில்லை. ஷீட்டில் அதுதான் முதல் கேள்வி.

அனுமதி கேட்டு, நாவலை எழுதிய அம்மாளுக்கு நான் போட்ட கடிதத்துக்கு நாலே நாளில் பதில் வந்தது. தாராளமாகச் செய்யுங்கள் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இப்படி ஒரு பத்தி: "என்னை மொழிபெயர்ப்பவர்கள் எல்லோரும் கேள்வி அனுப்புவார்கள். நீங்களும் அனுப்புங்கள். சீக்கிரம் அனுப்புங்கள். சீக்கிரம் என்பதை நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை."

நான் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன். நம் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்பார்கள், அதற்காக உடனே இலை போட்டு உட்கார்ந்துவிடுவோமா? பெரிய எழுத்தாளர். அவரை வாரத்துக்கு ஒரு தரம் 'இந்தக் கோழிக் குழம்பில் உருளைக்கிழங்கு உண்டா' என்று தொந்தரவு செய்வதா? போதாக்குறைக்கு எங்கள் கம்பெனியில் ஒரு வேத வாக்கு உண்டு. வாடிக்கையாளருக்குச் சந்தேகத்தைச் சில்லறையாக அனுப்பக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் சேர்த்து, ஒரே மெயிலில், ஒரே தடவை அனுப்ப வேண்டும். அப்படிச் செய்கிறவன்தான் கெட்டிக்காரன். பதினைந்து வருடம் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குத்தான் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

அதனால் ஷீட்டைத் திறந்தேன். முதல் வருடம் நாற்பது கேள்வி சேர்ந்தது. இரண்டாம் வரைவில் பாதிக்குப் பதில் நானே கண்டுபிடித்து நீக்கினேன், புதிதாக எழுபது முளைத்தது. இன்னும் ஒரு வரைவு முடியட்டும், முட்டாள்தனமான கேள்விகளை எல்லாம் களைந்துவிட்டு நல்லதாக அனுப்பலாம் என்று வைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பற்றி நல்லபடியாக நினைக்க வேண்டுமே.

வேலை எல்லாம் ரயிலில்தான். நெமிலிச்சேரியில் ஏறினால் பட்டரவாக்கம் வரை நேரம் கிடைக்கும். ஆவடியில் கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் பையிலிருந்து தாள்களை எடுப்பேன். வேப்பம்பட்டிலிருந்து ஏறும் ஒருவர் எனக்குத் தினமும் இடம் பிடித்து வைப்பார். எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை, என் வயதுதான். பெயர்கூட வெகுநாள் கேட்டுக்கொள்ளவில்லை. மாதம் ஒரு தடவையாவது கேட்பார்.

"இன்னா அண்ணாத்தே, அந்தப் பொஸ்தகம் இன்னும் முடியலியா? நானும் பாக்கறேன், அதே பேப்பர வெச்சிகினு கீறே."

"சந்தேகம் இருக்குப்பா. எழுதினவங்களைக் கேக்கணும்."

"கேக்க வேண்டியதுதானே? வாயில இன்னா கொழுக்கட்டையா கீது?"

நான் சிரித்து மழுப்புவேன். என் மனைவியும் அதையேதான் கேட்டாள், கொழுக்கட்டை இல்லாமல். "ஒரு கேள்விய அனுப்பிப் பாருங்களேன். கடிச்சா திங்கப் போறாங்க?" என்பாள். இலக்கியம் உனக்குப் புரியாது என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆண்பிள்ளைகளுக்கு இந்தப் பார்வை ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது.

ஆறாவது வருடம் அலுவலகத்தில் ஹங்கேரிய மொழிப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். வாடிக்கையாளர் தன் மொழியில் புகார் எழுதினால் மென்பொருளே ஆங்கிலத்தில் மாற்றித் தந்துவிடுகிறது. பதிலையும் அதுவே அவர் மொழியில் அனுப்பிவிடுகிறது. என்னை வேறு குழுவுக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை, அந்த வகையில் புண்ணியம். ஆனால் அந்த மொழியை நான் வாய் திறந்து பேச இந்த ஊரில் இனி ஒரு காரணமும் இல்லை. நாவல் ஒன்றுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் ஹங்கேரிய எழுத்தாளர் ஒருவருக்கு உலகத்திலேயே பெரிய பரிசு கிடைத்த செய்தி வந்தது. பரிசு வாங்கியவர் வேறொருவர். ஆனால் பதிப்பாளருக்கு நாடு ஒன்றாக இருந்தால் போதும். ஆறு வருடம் முன்னால் "ஹங்கேரியா? அதையெல்லாம் இங்க யாருக்கு சார் தெரியும்?" என்று கேட்டவர், இப்போது அவராகவே போன் செய்தார்.

"சார், அந்த நாவல் கையில இருக்குல்ல? ஒரே மாசத்துல குடுத்துடுங்க. சூடு ஆறுறதுக்குள்ள கண்காட்சிக்குக் கொண்டுவந்துடலாம்."

"கொஞ்சம் சந்தேகங்கள் இருக்கு சார். ஆசிரியர்கிட்ட கேட்டுட்டு..."

"ரெண்டாம் பதிப்புல திருத்திக்கலாம் சார். முதல் பதிப்பு வந்தாத்தானே ரெண்டாம் பதிப்பு?"

அன்றைக்கே உட்கார்ந்து அந்த அம்மாளுக்கு எழுதினேன். தாமதத்துக்கு மன்னிப்பு கேட்டு, கேள்விகள் தயாராக இருக்கின்றன, அனுப்பட்டுமா என்று கேட்டேன். அப்போதும் பாருங்கள், அனுப்பவில்லை, அனுப்பட்டுமா என்றுதான் கேட்டேன். பதில் அவர் கணவரிடமிருந்து வந்தது.

அவர் சுற்றி வளைக்கவில்லை. தன் மனைவிக்கு மறதி நோய், ஆறு வருடமாக, என்று எழுதியிருந்தார். டாக்டர் சொன்ன அதே வாரத்தில்தான் என் முதல் கடிதம் போயிருக்கிறது. சீக்கிரம் என்று அந்த அம்மாள் எழுதியதன் அர்த்தம் அதுதான். நினைவு முழுக்க இருக்கும்போதே இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும் என்று அவசரப்பட்டிருக்கிறார். அவருடைய மேசையில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு கோப்பு உண்டாம். ஜெர்மன், போலிஷ், பிரெஞ்சு எல்லாம் கேள்வியும் பதிலுமாகத் தடித்துக் கிடக்கின்றன. என் கடிதம் வந்த அன்று புதிதாக ஒரு கோப்பு வாங்கி, அதன் மேல் தன் கையால் 'தமிழ்' என்று எழுதி வைத்தாராம். அதில் ஒரு தாள்கூட இல்லை.

"போன வருடத்துக்கு முந்தின வருடம் வரை, தமிழிலிருந்து கேள்வி வந்ததா என்று மாதம் ஒரு முறையாவது கேட்பாள்," என்று எழுதியிருந்தார். "கேள்வி கேட்காத மொழிபெயர்ப்பாளர் புத்தகத்தைக் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம் என்பாள். நீங்கள் கைவிட்டுவிட்டீர்கள் என்றே நினைத்துக்கொண்டாள்."

அந்த மெயிலை நான் அலுவலகத்து கேண்டீனில் வைத்துப் படித்தேன். டீ கையில் இருந்தது. குடித்தேனா என்று நினைவில்லை. வெட்கம் என்பதெல்லாம் சின்ன வார்த்தை. ஒருத்தர் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு வருடம் நின்றிருக்கிறார், நான் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொரு வழி இருப்பதாக எனக்குப் பட்டது. அந்தத் தட்டைப் பற்றி மற்றவர்களும் கேட்டிருப்பார்களே, அந்தக் கோப்புகளில் பதில் இருக்குமே என்று கணவருக்கு எழுதினேன். இருக்கிறது என்றார். போலிஷ்காரருக்கு, மகன் செத்துவிட்டான் என்று அந்த அம்மாள் பதில் எழுதியிருக்கிறார். ஜெர்மன்காரருக்கு உயிரோடு இருக்கிறான் என்று. ஏன் இப்படி என்று கணவரே ஒரு முறை கேட்டிருக்கிறார். உங்கள் ஊரில் அம்மாக்கள் எப்படித் தட்டு வைப்பார்கள் என்று முதலில் அவர்களைக் கேட்பேன், அதைத் தெரிந்துகொண்டு அந்த மொழிக்கு என்ன வேண்டுமோ அதை முடிவு செய்வேன் என்றாராம். ஆகத் தமிழுக்கான பதில் எந்தக் கோப்பிலும் இல்லை. நான் எழுதி, அவர் திருப்பிக் கேட்டு, நான் எங்கள் குடியிருப்புச் சமையலறையைப் பற்றிச் சொல்லி, அதற்குப் பிறகு பிறந்திருக்க வேண்டிய பதில் அது.

"இருந்தாலும் கேள்விகளை அனுப்புங்கள்," என்று அந்த மனிதர் முடித்திருந்தார். "காலையில் அவள் கொஞ்சம் தெளிவாக இருப்பாள். நான் வாசித்துக் காட்டுகிறேன்."

இருநூற்றுப் பன்னிரண்டையும் அனுப்பினேன். அன்று வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி குக்கரை இறக்கி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்வாள், சொன்னால் தேவலை என்று காத்திருந்தேன்.

"பாவம், அவங்களுக்குப் பேசணும்னு இருந்திருக்கு. உங்களுக்குக் கேள்வி நல்லா இருக்கணும்னு இருந்திருக்கு," என்றாள்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் ரயிலில் நான் தாள்களை எடுக்கவில்லை. லேத் பட்டறைக்காரர் கவனித்துவிட்டார். என்ன ஆச்சு என்று கேட்டார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, சொன்னேன். எழுதின அம்மாளுக்கு மறதி, இனிக் கேட்க முடியாது என்றேன். அப்படி என்னதான் கேள்வி என்றார். தட்டைப் பற்றிச் சொன்னேன்.

"தெனமும் வெக்குதா அந்தம்மா?"

"தினமும்."

"அப்புறம் இன்னா சந்தேகம்? செத்தவனுக்கு எவன் அண்ணாத்தே தெனமும் சோறு வெப்பான்? அமாவாசைக்கு வெப்பாங்க, தெவசத்துக்கு வெப்பாங்க. தெனமும் வெச்சிகினு கீதுன்னா, புள்ள எங்கியோ உசுரோட கீறான், வந்துருவான்னுதான். இத்தப் போயி வெள்ளக்காரம்மாகிட்ட கேக்கணும்னு ஆறு வருசம் குந்தினு இருந்தியா?"

எழுதின அம்மாள் என்னிடம் திருப்பிக் கேட்டிருக்கக்கூடிய கேள்விக்கான பதில் அது. ஆறு வருடமாக எனக்குப் பக்கத்து சீட்டில், கையில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்திருக்கிறது. நான் இவரையும் கேட்கவில்லை. யாரையுமே கேட்காமல் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிற ஒரு ஜென்மம்.

மூன்று வாரம் கழித்து மெயில் வந்தது. பதினொரு காலைகள், காப்பிக்குப் பிறகு, ஒவ்வொரு கேள்வியாக வாசித்திருக்கிறார் கணவர். தட்டைப் பற்றிய கேள்வியோடு, எங்கள் ஊரில் தினமும் வைத்தால் மகன் உயிரோடு இருக்கிறான் என்று பொருள் என்பதையும் நான் பிற்பாடு எழுதி அனுப்பியிருந்தேன். அதையும் வாசித்திருக்கிறார். அந்த அம்மாள் கவனமாகக் கேட்டாராம். நடுவில் ஓரிரு இடத்தில் சிரித்தாராம், கோழிக் குழம்புக்குக்கூட. நல்ல புத்தகம் போலிருக்கிறதே, யாருடையது என்று விசாரித்திருக்கிறார். கடைசிக் கேள்வியும் முடிந்ததும் கணவரின் கையிலிருந்த தாள்களை வாங்கி, ஒழுங்காக அடுக்கி, அவரிடமே திருப்பிக் கொடுத்தாராம்.

"இதையெல்லாம் எழுதினவரிடம் கேளுங்கள்," என்றாராம். "கேட்டால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்."

அந்தத் தாள்களைத் 'தமிழ்' கோப்பில் வைத்துவிட்டேன் என்று எழுதி முடித்திருந்தார் கணவர்.

அடுத்த நாள் பதிப்பாளருக்குப் பிரதியை அனுப்பிவிட்டேன். அந்தத் தாய் தினமும் மகனுக்குச் சோறு எடுத்து வைக்கிறாள், படைக்கவில்லை. அது சரியா என்று சொல்ல இனி உலகத்தில் ஆள் இல்லை. மற்ற இருநூற்றுப் பதினொரு இடத்திலும் எனக்குத் தோன்றியதைப் போட்டிருக்கிறேன். புத்தகம் வரும், இரண்டு பிரதி அங்கேயும் போகும், அட்டை நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லக்கூடும். பதிப்பாளர் ரொம்ப சந்தோஷம் சார் என்றார். எனக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை.

பிறகு ஷீட்டைத் திறந்தேன். முதல் கேள்விக்கு நேரே 'பதில்' கட்டத்தில் அந்த அம்மாள் சொன்னதை அவர் மொழியிலேயே எழுதினேன்: எழுதினவரிடம் கேளுங்கள். கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு வரிசையிலும் அதுவே நிரம்பிக்கொண்டு போனது.